நாக்கு தொடாத எழுத்து

— இது யாருங்க்கா எழுதுனது? ஃபாரத்துல 'ரியா'ன்னு?

— நான்தான். காலையில புள்ளைக்குப் பால் குடுத்துட்டு உக்காந்து எழுதினேன். அதுல இன்னா தப்பு?

— தப்புங்களா? பேரு இருக்குதுங்களேக்கா. எழினி வச்சுட்டுப் போன பேரு. பொண்ணா பையனான்னு தெரியாதப்பவே, ரெண்டுக்கும் பொருந்தும்னு சொல்லி ஸ்கேன் ஃபைல் மேல அவ கையால எழுதுனதுங்க. பொழில். நீங்களும் பாத்தீங்கல்ல?

— பாத்தேன். மெதுவாப் பேசு தம்பி. புள்ள இப்பதான் கண்ண மூடுது.

— ப்ரோ, டென்ஷன் பேடா, வேணாம். ரெண்டுல எது பேரோ ஒண்ணு சொல்லுங்க, நான் அடிக்கிறேன். சர்வர் இப்பதான் வந்திருக்கு, போச்சின்னா சாயங்காலம்தான். பர்த் சர்டிஃபிகேட்ல குழந்தை பேரைச் சேக்கறது பெரிய வேல இல்ல. ஆனா ஒரு தடவ ஏறிடுச்சின்னா மாத்தறது இருக்கே, செருப்பு தேஞ்சிரும். என்னப் பாருங்க. கடை போர்டுல டெரிக், ஆதார்ல 'தெர்ரிக்கு'. ஏழு வருஷமா தெர்ரிக்காவே இருக்கேன்.

— அதனாலதானுங்க சொல்றேன், சரியா அடிங்க. பொழில்.

— அடிக்காதே. ரியான்னு அடி.

— பாட்டி ஒண்ணு சொல்றாங்க, அப்பா ஒண்ணு சொல்றாங்க. ஆண்ட்டி, நீங்க இந்தப் பாப்பாவுக்குப் பாட்டிதானே?

— இன்னாது? எனக்கு வயசு நாப்பத்தொண்ணு. உனக்கே முப்பத்தஞ்சு இருக்கும் போல கீது, நான் உனக்கு ஆண்ட்டி, இதுக்குப் பாட்டியா? பெரியம்மாப்பா. இதோட அம்மாவுக்கு அக்கா. மைதிலி.

— சாரி கா, சாரி. அம்மா வரலியா? அப்பா கையெழுத்து போட்டா போதும், ஆனா அம்மாவோட நம்பருக்கு ஒரு ஓடிபி...

— அம்மா இல்லீங்க.

— ஊருக்குப் போயிருக்காங்களா?

— இல்லீங்க. இவ பொறந்த மறுநாள் போயிட்டா. ரத்தம் நிக்கல. மூணு மாசம் ஆச்சுங்க.

— ஐயோ. கர்த்தரே. நான் ஒரு முட்டாளு ப்ரோ, வாய வெச்சிகிட்டு சும்மா இருக்க மாட்டேன். உக்காருங்க கா, இந்த ஃபேன் பக்கமா உக்காருங்க. பாப்பாவுக்கு வேர்க்குது பாருங்க.

— இருக்கட்டும். நீ ரியான்னு அடி.

— ரியா நல்ல பேருதான் கா. இந்த வாரம் மட்டும் நாலு ரியா அடிச்சேன். ஸ்பெல்லிங் மிஸ்டேக்கே வராது.

— கேட்டியா தம்பி? மிஸ்டேக்கே வராதாம்.

— நீங்களாங்க்கா இதச் சொல்றது? டெரிக், உங்களுக்கு இவங்க யாருன்னு தெரியாது. பன்னெண்டு வயசுல, தொட்டில்ல கெடந்த தங்கச்சிக்கு 'எழினி'ன்னு பேர் வச்சவங்க. கோலார் தங்கவயல்ல. அவங்க அப்பா சுரங்கத்துல வேல பாத்தாரு. அவரு ரோசின்னு வைக்கலாம்ன்னாராம்.

— ரோசி இல்ல, ரோஜா. ஷிஃப்ட் முடிச்சி வந்தவரு எட்டிப் பாத்துட்டு 'ரோஜா'ன்னாரு. நான்தான் தரையில வுழுந்து அழுதேன். எங்க சுரங்க லைன் வூடுங்கள்ல ஏற்கெனவே ஆறு ரோஜா. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியார் சொல்லிக் குடுத்திருந்தாரு, எழினின்னா நாடக மேடையில தொங்குற திரைன்னு. அது மேல போனாத்தான் ஆட்டமே ஆரம்பம்னு. எனக்கு அந்த வார்த்தை வாய விட்டுப் போவவே இல்ல. அப்பா சிரிச்சிட்டு, சரி, பெரியவ சொல்ற மாதிரியே இருக்கட்டும்னுட்டாரு. அம்மா மட்டும் ரோஜான்னே கூப்புடுவாங்க, தங்கச்சிக்கு மூணு வயசுல அவங்க போயிட்டாங்க. அப்பறம் ரோஜான்னு கூப்புட ஆளும் இல்ல.

— எலினி. நல்லாத்தான் இருக்கு கா.

— எலினி இல்ல.

— எளினி?

— விடுப்பா.

— பாத்தீங்களா, 'விடுப்பா'ன்னுட்டாங்க! இவங்க விடற ஆளே இல்லீங்க டெரிக். அந்த டீச்சர் கதையச் சொல்லுங்க்கா.

— அதெல்லாம் இப்ப எதுக்கு.

— சொல்லுங்க்கா. அவருக்கும் தெரியட்டும், எதுக்கு நான் சண்ட போடறேன்னு.

— இன்னா பெரிய கதை. சுரங்கம் மூடுனப்பறம் இங்க, இந்த ஈஜிபுரா ஏரியாவுக்கு வந்துட்டோம். நான் கார்மென்ட்ஸ்ல சேந்துட்டேன். தங்கச்சி நாலாங்கிளாஸ். கன்னட டீச்சர் அட்டெண்டன்ஸ்ல 'எலினி'ன்னு கூப்ட்டாங்க. புள்ளைங்க சும்மா இருக்குமா? எலி, எலின்னு பாவாடைக்குப் பின்னால நூல்ல வால் கட்டி வுட்டுதுங்க. வாலோடயே வூடு வரைக்கும் நடந்து வந்திச்சி, தெரியாம. நான் அரை நாள் லீவு போட்டு ஸ்கூலுக்குப் போனேன். 'மிஸ், நாக்க மடிங்க. மேல கொண்டு போங்க. தொடாதீங்க. தொட்டா ல, தொடாம நின்னா ழ'ன்னு இருவது வாட்டி சொல்ல வெச்சேன்.

— டீச்சரையேவா? அடி விழலியா கா?

— நல்ல மனுஷிப்பா அந்தம்மா. இருவது வாட்டியும் சொல்லிப் பாத்தாங்க. 'எங்க கன்னடத்துலயும் இந்த எழுத்து ஒரு காலத்துல இருந்திச்சிம்மா, தொலைச்சிட்டோம்'னு சிரிச்சாங்க.

— எழுத்த எப்பிடி கா தொலைப்பாங்க? அது என்ன சாவியா?

— கூப்புடாம வுட்டா தொலஞ்சி போவும்.

— அதோட விட்டாங்களா டெரிக்! தங்கச்சிக்கு ஒரு சட்டம் போட்டாங்க. 'சரியாக் கூப்புடற வரைக்கும் எந்திரிக்காதே. எஸ் மிஸ் சொல்லாதே. அது உன்ன இல்ல, வேற யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கோ.' அவ எங்கிட்ட நூறு தடவ சொல்லியிருக்காளுங்க, உங்கள மாதிரியே கைய நீட்டிப் பேசிக் காட்டுவா.

— ம். சொன்னேன். சொன்ன வாய்தான் இது.

— எனக்கே அந்தச் சட்டம்தானுங்க. நான் தமிழ்நாடு, கோபிச்செட்டிபாளையம். பொறந்ததுல இருந்து தமிழ் பேசறவன். ஆபீஸ்ல சேந்த மொத நாள் கொஞ்சம் அவசரமா 'எளினி, அந்த ஃபைல்'ன்னனுங்க. திரும்பவே இல்ல. மூணு நாள். நாலாம் நாள் லிஃப்ட்டுல நாங்க ரெண்டு பேரு மட்டும். 'அஷ்வின், நாக்கக் காட்டுங்க'ன்னா. கிரவுண்ட் ஃப்ளோர்ல ஏறி ஏழாவது மாடி வர்றதுக்குள்ள ழ வந்துருச்சுங்க. அப்புறம் வேற என்னென்னமோ வந்துருச்சு.

— ஆஹா. லவ் மேரேஜா ப்ரோ!

— ஆமாங்க. எங்க வீட்டுல ஒருத்தரும் வரல. கல்யாணத்துக்கும் வரல, இதுக்கும் வரல. அது இருக்கட்டும்ங்க. அமெரிக்காக்காரங்ககிட்டப் பேசறப்ப 'எலீனா'ன்னு சொல்லிக்கோம்மா, அவங்களுக்கு ஈஸியா இருக்கும்னாரு மேனேஜரு. 'அவங்களுக்கு ஈஸியான பேர அவங்க புள்ளைங்களுக்கு வச்சுக்கட்டும் சார்'ன்னு வந்துட்டா. அப்புறம் அதுல ஒரு வெள்ளைக்காரர ஃபோன்லயே பழக்குனா. அவங்க 'ஆர்' எழுத்தச் சொல்றப்ப நாக்கு எங்கியும் தொடறதில்லீங்களாம், நம்ம ழ கிட்டத்தட்ட அங்கதான் இருக்குதுன்னா. ஒரு நா அவரு சரியாச் சொல்லிட்டாரு. அன்னிக்கு எங்க ஃப்ளோர்ல கேக்கு வெட்டுனோமுங்க. இவங்களுக்கு ஃபோன் போட்டு 'அக்கா, அமெரிக்கா வரைக்கும் போயிடுச்சு உன் பேரு'ன்னு கத்துனா.

— 'என் பேரு இல்லடி, உன் பேரு'ன்னேன். 'வச்சவ நீதானே'ன்னிச்சி.

— இருங்க, நானும் ட்ரை பண்றேன். நாக்க மடிக்கணும். மேல. தொடக்கூடாது. எ...ளி... ச்சே. எ...ழி...னி. எழினி! கா, வந்திச்சா?

— வந்திச்சி.

— வந்துருச்சு பாருங்க்கா! அஞ்சு நிமிஷத்துல. சொல்லிக் குடுத்தா வராதவங்க யாருமே இல்லைன்னு நீங்கதானே சொல்லுவீங்க. பொழிலும் வரும்ங்க. அவ எதுக்கு அந்தப் பேர எடுத்தா தெரியுங்களா? 'ழவும் லவும் பக்கத்துப் பக்கத்துல அஷ்வின். மொதல்ல தொடக்கூடாது, அடுத்ததுல தொடணும். அக்காவுக்கு வேல வைக்கணும்ல, இந்தப் பேர வச்சு ஊருக்கே பாடம் எடுக்கட்டும்'ன்னு சிரிச்சா. உங்களுக்காக வச்ச பேருங்க்கா அது.

— எனக்காகவா.

— ஆமாங்க.

— எனக்காக எதுவும் வேணாம்ப்பா. எழினிக்குப் பத்தாவது மார்க் கார்டு வந்தப்ப, இங்கிலீஷ்ல எல் போட்டு எழுதியிருந்தாங்க. இசட் எச் போட்டுத் திருத்துங்கன்னு மூணு நாள் போய் நின்னேன். ஹெட்மாஸ்டர் தலையில அடிச்சிகினாரு. 'எல்லே இருக்கட்டும்மா, படிக்கிறவன் தப்பாப் படிச்சாலும் கிட்டத்துல வருவான். இசட் எச் போட்டா எங்கயோ போயிடுவான்'னாரு. கிட்டத்துல வர்றது எதுக்கு சார், என் தங்கச்சி பேரு முழுசா வேணும்னேன். அழுத்தமா நின்னு வாங்கினு வந்தேன்.

— வாங்குனீங்கல்ல! அதத்தானுங்க நானும் கேக்கறேன்.

— ப்ரோ, சர்வர் சுத்துது. ஒண்ணு பண்றேன். ரெண்டையும் அடிச்சிக் காட்டறேன், ஸ்க்ரீன்ல பாத்து முடிவு பண்ணுங்க. ரியா, இந்தாங்க. இப்ப உங்களுது. பி, ஓ... ழவுக்கு இசட் எச்தானே? அப்பறம் ஐ, எல். பொஜில். ஆங், கரெக்டா?

— இன்னா சொன்னே?

— பொஜில், கா.

— இப்பதானேப்பா எழினின்னு சொன்னே. வாயில வந்திச்சே.

— வாயில வரும் கா, நீங்க சொன்னா. இங்க எழுத்தப் பாத்தா இசட்டு எச்சுன்னு இருக்கு, ஜ தானே வருது. பழகிட்டா சரியாயிடும்.

— இன்னொரு வாட்டி படி.

— பொ...ஜில்.

— தம்பி, புள்ளைய வாங்கிக்கோ.

— என்னங்க்கா, திடீர்னு?

— வாங்கிக்கோ. தலையப் புடி, தலையப் புடி. டெரிக்கு, அத அழிச்சிடு.

— அழிக்காதீங்க டெரிக்!

— அழி.

— அக்கா, எனக்கு அவ வச்சுட்டுப் போனது ரெண்டே ரெண்டுங்க. இந்தப் புள்ளையும் இந்தப் பேரும். புள்ளைய நீங்க வளக்கறீங்க, உங்க வேலைய விட்டுட்டு. நான் ஒரு வார்த்த சொல்லல, சொல்லவும் மாட்டேன். பேர எங்கிட்ட விட்டுருங்க.

— பேருன்னா கூப்ட்டா காதுல வுழணும். அவ்ளோதான் பேரு. கூட்டத்துல, பஸ் ஸ்டாண்டுல, ஆஸ்பத்திரியில, எவன் வந்து எப்பிடிக் கூப்ட்டாலும் என்னத்தான்னு தெரியணும். அவளோட ஜனத்துக்கும் தெரியணும். ரியா. ரெண்டு எழுத்து. செவுடனுக்கும் கேக்கும். அது போதும் எனக்கு.

— ஆஸ்பத்திரிய எதுக்குங்க்கா இழுக்கறீங்க?

— இழுக்கல.

— இழுத்தீங்க. அதப் பத்திப் பேசவே கூடாதுன்னு மூணு மாசமா வாய மூடிட்டு இருக்கறனுங்க நான்.

— எதப் பத்தி?

— வேண்டாமுங்க.

— சொல்லு தம்பி.

— ப்ரோ, நான் வேணா வெளிய நிக்கட்டுமா?

— நீ உக்காருப்பா, உன் கடை இது. சொல்லு தம்பி.

— நான் ரத்தம் வாங்கிட்டு வரப் போனப்ப, ஆபரேஷனுக்கு உள்ள கொண்டு போறதுக்கு முன்னால, அவ உங்களக் கேட்டிருக்காளுங்க. நெனவோடதான் இருந்திருக்கா. 'எங்கக்கா வெளியதான் இருக்கா, ஒரே ஒரு நிமிஷம் கூப்புடுங்க'ன்னு. கூப்ட்டுப் பாத்தாங்களாம். கூட இருக்கற அட்டெண்டர் யாருமே இல்லைன்னு, நேரம் இல்லாம உள்ள கொண்டு போயிட்டாங்க. பெரிய நர்சம்மா எங்கிட்டச் சொன்னாங்க. நான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டனுங்களா? இல்லீங்க. மனுஷங்கன்னா டீ குடிக்கப் போவாங்க. ரெண்டு நாளாப் பச்சத் தண்ணி பல்லுல படாம உக்காந்திருந்தீங்க, அந்த நேரம் பாத்துக் கீழ போயிருப்பீங்க. யாரு மேலயும் தப்பில்லைன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டனுங்க. ராத்திரி பகலாச் சொல்லிக்கிட்டேன். அந்தக் கோவத்த முழுங்குன எனக்கு, இந்த ஒரு பேர விட்டுத் தரமாட்டீங்களாக்கா?

— அக்கான்னா கேட்டிச்சி?

— ஆமாங்க.

— எங்கக்கான்னு?

— ஆமாங்க்கா. அழுவாதீங்க. நான் சொல்லியிருக்கக் கூடாது. வாயில வந்துருச்சு.

— அந்தப் பொண்ணு வெளிய வந்து 'அக்கா'ன்னு கூப்ட்டிருக்கலாமே தம்பி. அக்கா யாருன்னு ஒரு வார்த்தை. அது வரைக்கும் பெட் நம்பரச் சொல்லித்தானே கூப்ட்டாங்க. பதினாலுன்னா எந்திரிச்சி ஓடுவேன். அன்னிக்கின்னு பாத்து, மரியாதையாப் பேர் சொல்லிக் கூப்ட்டிச்சி.

— எந்தப் பொண்ணுங்க்கா?

— நான் டீ குடிக்கப் போவல.

— பின்ன?

— எங்கயும் போவல. அங்கயேதான் இருந்தேன். அந்தக் கதவுக்கு நேர் எதுத்தாப்புல, மூணாவது சேரு. பச்சத் திரை தொங்கும் பாரு, அதையே பாத்துகினு உக்காந்திருந்தேன்.

— அங்கயா இருந்தீங்க? அப்புறம் ஏனுங்க்கா போகல?

— கா, இந்தாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க. பேச வேணாம் கா.

— புது நர்சுப் பொண்ணுப்பா அது. வடக்கு. அது மேல தப்பில்ல. கையில பேப்பர வெச்சிகினு, இவரு இப்ப படிச்சாரு பாரு, அதே மாதிரி படிச்சிச்சி. இசட்டு எச்சு. 'ஈஜினி.' 'ஈஜினி அட்டெண்டர்.' எலினின்னு கூப்ட்டிருந்தா எந்திரிச்சிருப்பேன் தம்பி. எளினின்னாலும் எந்திரிச்சிருப்பேன். இத்தினி வருஷமா காதுல வுழுந்து வுழுந்து பழகின தப்பு அது. இது நான் கேக்காத தப்பு. ஈஜிபுராவுல இருந்து வந்த யாரையோ தேடறாங்க, நம்ம ஏரியா ஆளுங்களா இருக்கப் போவுதுன்னு எட்டி எட்டி வேற பாத்தேன்.

— அக்கா...

— மூணு வாட்டி கூப்ட்டிச்சி. மூணாவது வாட்டி பக்கத்து சேர்ல இருந்த அம்மாகிட்டச் சொன்னேன், 'யார் வூட்டுப் பொண்ணோ பாவம், இந்த நேரத்துல கூட வந்து நிக்க ஒரு அக்கா தங்கச்சிகூட இல்ல போல கீது'ன்னு.